மதுரை கோரிப்பாளையம் ஜெராக்ஸ் கடையில் உதவிய அம்மாவுக்கு நன்றி

அம்மா, தங்கள் பெயரை நான் அறியேன். இப்பதிவு எப்படியாவது தங்களை எட்ட வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலுள்ள தங்கையைப் பார்க்கச் சென்ற இடத்தில் அப்பாவுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு, அவசர அறுவை சிகிச்சை நடந்தது. கைப்பணத்தைக் கட்டிவிட்டு ஊர் திரும்பி, பயணக் காப்பீட்டில் கோருவதற்காகத் தாள்களை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற தாங்கள் நான் கேட்காமலேயே ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தீர்கள்.

மொத்தத் தொகை மட்டும் உள்ள ரசீது போதாது, மருந்து, அறுவை அரங்கு, படுக்கை எனப் பிரித்த பில் வேண்டும் என்றீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்க்கரை நோய் என்றிருந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு, அதற்கும் குடல்வால் அழற்சிக்கும் தொடர்பில்லை என்று சிகிச்சையளித்த மருத்துவரிடமே கடிதம் வாங்கச் சொன்னீர்கள். ஏற்கெனவே இருந்த நோய் என்று தள்ளிவிட அந்த ஒரு வரியே போதும் என்பதை வேறு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை என்பதால், பயணத்துக்குச் சான்றாக, மின்னஞ்சலில் வந்த இ-பாஸையும் (அந்நாட்டில் தங்குவதற்கான மின்னணு அனுமதி) போர்டிங் பாஸையும் சேர்க்கச் செய்தவரும் தாங்களே.

காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது அந்தக் கடிதத்தைத்தான். பாலிசியின்படியான பிடித்தம் போக, முழுத் தொகையும் வந்துவிட்டது. அப்பா தங்களை நேரில் பார்க்க மிகவும் விரும்புகிறார். கடைக்காரரிடம் எங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறோம், அம்மா.