அடிபம்பும் ஒரு வாஷரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிநீர்த் திட்டம் என்றால் திறப்பு விழாப் படம்தான் செய்தியாகிறது. 30 ஆண்டு அடிபம்பு பழுது பார்த்தவன் நான். விழாவுக்கு அடுத்த வருடம் நடப்பதுதான் எனக்குத் தெரியும். பெரும்பாலும் கெடுவது பம்பு அல்ல, உள்ளே இருக்கும் வாஷர். உள்ளங்கையில் அடங்கும் அந்த வளையம் தேய்ந்துவிட்டால் எத்தனை அடித்தாலும் தண்ணீர் ஏறாது. மாற்ற ஆளும் இல்லை, உதிரியும் இல்லை என்று மாதக்கணக்கில் ஊரே குளத்துக்கு நடக்கும்.

போய்வரவும் வரிசையில் நிற்கவும் சேர்த்து 30 நிமிடத்துக்குள் குழாய், அடிபம்பு, மூடிய கிணறு போன்ற மேம்பட்ட நீராதாரத்திலிருந்து நீர் கிடைத்தால் அதை ‘அடிப்படை வசதி’ என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கு வைக்கின்றன. 20 லிட்டர் என்றால் 20 கிலோ பாரம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நடை போதுமா? நான்கு நடைக்கு இரண்டு மணி நேரம். சுமப்பது பெரும்பாலும் பெண்கள். (கணக்கு எழுதியவர்கள் ஒருநாள் சுமந்து பார்த்திருக்கலாம்.)

வீட்டுக்கே குழாய் வந்தாலும், நேரம் வைத்துத் திறந்து மூடினால் வம்புதான். அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியே சாக்கடை நீரும் குழாய்க்குள் புகும்.

நிதி ஒதுக்கும்போதே உதிரிப்பாகத்துக்கும், ஊருக்கு இரண்டு பெண்களுக்குப் பழுதுபார்க்கும் பயிற்சி தரவும் தனித்தொகை எழுதட்டும்.

– ஓய்வுபெற்ற பம்பு மெக்கானிக்