டி.ஏ., ஆர்.ஏ. கிடைக்காவிட்டால் படிப்பே போச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆகும் செலவு பற்றி உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையை இங்கிருந்தபடி இணையத்தில் படித்தேன். வங்கிக் கடன், ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), விசா நேர்காணல் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் உதவித்தொகை என்று வந்ததும் டி.ஏ. (பாடம் நடத்த உதவும் வேலை), ஆர்.ஏ. (பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு உதவும் வேலை) என்ற இரண்டோடு கட்டுரை நின்றுவிட்டது. பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள், பதில் வரவில்லையா, கடன்தான் என்பதுபோல முடித்திருந்தார்கள். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் படித்து முடித்தது இந்த இரண்டாலும் அல்ல.

2008 ஆகஸ்டில் புள்ளியியல் படிக்க ஒஹாயோ மாநிலத்துக்கு வந்தேன். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன், முதல் ஆண்டுக்குச் சரியாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது. நான் விமானம் ஏறியபோது 43, 44 ரூபாயாக இருந்த டாலர் நவம்பரில் 50-ஐத் தொட்டது. போட்ட கணக்கு அத்தோடு போச்சு. எங்கள் துறையின் டி.ஏ. இடங்களெல்லாம் பிஎச்.டி. மாணவர்களுக்குப் போய்விட்டன. எத்தனை பேராசிரியர்களுக்கு எழுதினேன் என்று எண்ணி வைக்கவில்லை. இரண்டு பேர் பதில் போட்டார்கள், இரண்டுமே இல்லை என்றுதான்.

அந்த நவம்பரில் மாணவர் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் பார்த்தேன். விடுதிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு ஒரு கிராஜுவேட் அசிஸ்டன்ட் தேவை, ஜனவரியில் சேர வேண்டும், எந்தத் துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. வாரம் 20 மணி நேர வேலை. படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம், விடுதியிலேயே ஓர் அறை, சாப்பாடு. நம்ப முடியாமல் அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். யாரோ இடையில் விட்டுப் போன இடம் அது. இரண்டு நேர்காணல் நடந்தது, கிடைத்தது.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: “கணக்குப் படிக்கப் போன பொண்ணை ஹாஸ்டல் வார்டன் ஆக்கிட்டாங்களா?” அப்பா, நல்லதும்மா என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சொந்தக்காரங்க கேட்டா ஸ்காலர்ஷிப்னு மட்டும் சொல்லு” என்றார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது என்ன வேலை என்று எனக்கே அப்போது தெரியாது.

இங்கே பல்கலைக்கழகத்தில் வகுப்பறைக்கு வெளியே மாணவருக்கு நடக்கும் எல்லாவற்றையும் ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் என்ற பிரிவுதான் பார்க்கிறது. நாம் மாணவர் நலத்துறை என்று சொல்லலாம். விடுதி, புதுமுக மாணவர் வரவேற்பு, வேலைவாய்ப்பு வழிகாட்டல், மனநல ஆலோசனை, ஒழுங்கு நடவடிக்கை, மாற்றுத்திறனாளி மாணவர் உதவி, மாணவர் மன்றங்கள், விளையாட்டுக்கூடம், பசியோடு இருக்கும் மாணவருக்கு மளிகை கொடுக்கும் அறை என்று பல அலுவலகங்கள் இதற்குள் வரும். இது இன்று நேற்று வந்ததும் அல்ல. ஆண் மாணவர்களுக்கான டீன்கள் 1919-ல் விஸ்கான்சினில் கூடித் தொடங்கிய சங்கம்தான் மாணவர் நலத்துறையினரின் இன்றைய சங்கமான நாஸ்பா. மாணவரை மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், அவர் உடல்நலம், மனநிலை, உறவுகள், பணநிலைமை எல்லாவற்றையும் சேர்த்து முழு ஆளாகப் பாருங்கள் என்று அமெரிக்கக் கல்விக் கழகம் 1937-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தத் துறையில் சேருபவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

எனக்கு அந்த அறிக்கையின் அர்த்தம் புரிந்தது ஒரு பிப்ரவரி இரவில். முதலாண்டு மாணவர்கள் இரண்டு பேர், ஒரே அறை. அதில் ஒருவன் தரையில் நீலநிற டேப் ஒட்டி அறையை இரண்டாகப் பிரித்துவிட்டான். அடுத்தவன் ராத்திரி முழுக்க விளக்கை அணைக்கவே விடுவதில்லையாம். இங்கே அறைத்தோழர்கள் இருவரும் ஆண்டு தொடக்கத்தில் ஓர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். விளக்கு எத்தனை மணிக்கு, விருந்தாளி எப்போது, யார் குப்பை கொட்டுவது என்று அதில் எழுதியிருக்கும். நான் அந்தத் தாளோடு போனேன். மூன்றாவது வரியில் 11 மணிக்கு விளக்கணைப்பு என்று, விளக்கை அணைக்கவிடாதவனே எழுதியிருந்தான். அதைக் காட்டி, “இது நீ எழுதினதுதானே” என்று கேட்டேன். ஆமாம் என்றான். அதற்கு மேல் பேசவில்லை. எனக்கும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே சொன்னான். அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், அக்கா எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், விளக்கை அணைத்தால் தூங்கிப்போய் அழைப்பைத் தவறவிட்டுவிடுவேன் என்று. டேப் ஒட்டியவன் கட்டிலில் இருந்து எழுந்து வந்தான். “நீ தூங்கு, போன் அடிச்சா நான் எழுப்பறேன்” என்றான். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது தரையில் டேப் இல்லை, அதன் பசை மட்டும் கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைத்தான் வார்டன் வேலை என்று ஒதுக்குகிறோம். வேலையில் சேர்ந்த பிறகு எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இதைத்தான்: எப்போது கேட்பது, எப்போது சும்மா இருப்பது, எது நம்மால் முடியாது, ஆலோசகரை எப்போது கூப்பிட வேண்டும். வாரம் ஓர் இரவு டியூட்டி போன் என் கையில் இருக்கும். அதிகாலை மூன்று மணிக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்தால் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் நிற்க வேண்டும். தேர்வு வாரத்திலும் அப்படித்தான். சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் ஆர்.ஏ. என்றால் ஆராய்ச்சி உதவியாளர். இங்கே விடுதியில் ஆர்.ஏ. என்றால் அந்த மாடியைக் கவனிக்கும் மாணவர், பெரும்பாலும் இளநிலை படிப்பவர். முதுநிலை மாணவர்களுக்கான இடத்தை ஜி.ஏ. என்பார்கள், எனக்குக் கிடைத்த கிராஜுவேட் அசிஸ்டன்ட் இடம் அதுதான். ஃபெல்லோஷிப் என்பது வழக்கமாகப் படிப்பதற்காகவே தரும் பணம், வேலை கிடையாது. ஆனால் மாணவர் நலத்துறையில் சில இடங்களில் வேலை பார்க்கும் இடத்துக்கே ஃபெல்லோ என்று பெயர் வைக்கிறார்கள். அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வாரம் எத்தனை மணி நேரம், கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி, சம்பளம் ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இந்த இடங்களைப் பற்றி உங்கள் படிப்புத் துறை சொல்லாது. அவர்களுக்கே தெரியாது. பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் அந்தந்த அலுவலகத்தின் பக்கத்திலும்தான் அறிவிப்பு வரும். ஆகஸ்டில் சேருபவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே நேர்காணல் நடந்துவிடும். ஊரிலிருந்தே காணொளியில் பேசலாம். விசாவுக்கு முன்பே இடம் உறுதியானால் அந்தத் தொகையை ஐ-20-ல் காட்டச் சொல்லலாம், வங்கியில் காட்ட வேண்டிய பணம் அந்த அளவுக்குக் குறையும். அப்போது கிடைக்காவிட்டாலும் என்னைப் போல நவம்பர், டிசம்பரில் இன்னொரு முறை பாருங்கள். சில இடங்கள் உயர்கல்வி நிர்வாகம் படிப்பவர்களுக்கு மட்டும் என்று இருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். அறிவிப்பில் ‘வொர்க் ஸ்டடி’ என்று போட்டிருந்தால் அது அமெரிக்க மத்திய அரசின் பணம், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கிடைக்காது.

படிக்கும் வளாகத்திலேயே வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்க எஃப்-1 மாணவருக்குத் தனி அனுமதி வேண்டாம், விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். ஆனால் கோடையில் வேறு பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் போவதென்றால் கதை வேறு. விடுதி நிர்வாகிகளின் சங்கமான அகூஹோ-ஐ, புதுமுக மாணவர் வரவேற்பைக் கவனிப்பவர்களின் சங்கமான நோடா இரண்டும் அப்படிப்பட்ட கோடைகாலப் பயிற்சிகளுக்கு ஆள் சேர்க்கின்றன. நல்ல வாய்ப்புகள்தான். ஆனால் படிக்கும்போதே வெளியில் பயிற்சி பெறுவதற்கான சி.பி.டி. அனுமதி இல்லாமல் போகக் கூடாது, அந்த வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு சேர்ந்ததாக இருந்தால்தான் அது கிடைக்கும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, நான் பட்ட பிறகு தெரிந்துகொண்டது. பாடம் நடத்துபவருக்கும் ஆராய்ச்சி செய்பவருக்கும் கட்டணத் தள்ளுபடிமேல் வரி கிடையாது. ஜி.ஏ. பார்ப்பது நிர்வாக வேலை என்பதால் முதுநிலை மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆண்டுக்கு 5,250 டாலர் வரைதான் விலக்கு, அதற்கு மேல் தள்ளுபடியான கட்டணம் உங்கள் வருமானமாகக் கணக்கில் ஏறும். கைக்கு வராத பணத்துக்கு வரி. எனக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு மாதம் சம்பளச் சீட்டில் பாதிக்கு மேல் பிடித்திருந்தார்கள். அந்த மாதம் விடுதிச் சாப்பாடு இல்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே என்றார்கள். இருந்தது உண்மைதான். இப்போது எங்கள் அலுவலகத்தில் யாரை எடுத்தாலும் முதல் நாளே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, எந்த மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வரிக் கணக்குக் கொடுக்கும்போது, இந்தியாவுடன் உள்ள ஒப்பந்தத்தால் நம் மாணவர்களுக்கு நிலையான கழிவு (வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி) உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பல பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

புள்ளியியல் முடித்த பிறகு இந்தத் துறையிலேயே இன்னொரு முதுநிலை படித்து இங்கேயே தங்கிவிட்டேன். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதி மாணவர் நலத்துறைப் படிப்புக்கு 12 மாதம்தான், கணினிப் படிப்புகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு கிடையாது. பல்கலைக்கழக வேலைக்கு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல் இல்லை என்பது ஆறுதல், ஆனால் விசாவுக்கு ஆதரவு தர எல்லாப் பல்கலைக்கழகமும் முன்வருவதில்லை. சம்பளமும் மென்பொருள் வேலையில் வருவதற்குப் பக்கத்தில்கூட வராது. இதையெல்லாம் தெரிந்தே வாருங்கள். கணினியோ பொறியியலோ படித்துக்கொண்டே இரண்டு ஆண்டு மட்டும் ஜி.ஏ. பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, அவர்கள் படிப்பு அவர்களுடையது.

கல்லூரியில் கலைவிழாவை நடத்தியவர்கள், என்.எஸ்.எஸ். முகாமில் ஐம்பது பேருக்குச் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்தவர்கள், விடுதியில் ஜூனியருக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவர்கள் நம்மிடம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அதையெல்லாம் எழுதுவதே இல்லை. ஜிஆர்ஈ மதிப்பெண்ணும் ப்ராஜெக்ட் தலைப்பும் மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். நாங்கள் நேர்காணலில் கேட்பது அந்த ஆட்டோ கதையைத்தான்.

உங்கள் கல்வி இணைப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியிலேயே வந்தால் நல்லது, மார்ச்சில் வந்தால் அந்த ஆண்டுக்குப் பயன்படாது. இந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் நான்கு ஜி.ஏ. இடங்களுக்கு நேர்காணல் நடக்கிறது. விண்ணப்பங்களை நேற்று இரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் சங்கம் பொங்கல் வைத்தால் அரங்கம் நிறைந்துவிடுகிறது. அந்த விண்ணப்பங்களில் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஒஹாயோ மாநிலம், அமெரிக்கா.