எந்த மாவட்டம் என்று தலைப்பிலேயே போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மயிலாடுதுறையில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடிவதற்குள் பெற்றோர் போன் வரத் தொடங்கிவிடும்: “அண்ணே, இன்னைக்கு ஸ்கூல் உண்டா?” செல்போனில் உங்கள் இணையதளத்தைத் திறந்தால், “பள்ளிகளுக்கு விடுமுறையா? வெளியான முக்கிய அறிவிப்பு!” என்று தலைப்பு. உள்ளே போனால் மூன்று பத்தி வானிலை, நடுவில் விளம்பரம், கடைசியில் வேறு ஏதோ மாவட்டம். அறிவிப்பு வெளியாகிவிட்டது என்றால் அப்புறம் கேள்விக்குறி எதற்கு?

மழை விடுமுறையை மாவட்டவாரியாக கலெக்டர்கள்தான் அறிவிக்கிறார்கள். சில நாள் பள்ளிக்கு மட்டும், சில நாள் கல்லூரிக்கும் சேர்த்து. “மயிலாடுதுறை: பள்ளிகளுக்கு மட்டும் இன்று விடுமுறை, கலெக்டர் அறிவிப்பு” என்று போட்டால் சோலி முடிந்தது. செல்போன் திரையில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்பட்டுவிடும். அதனால் ஊர்ப்பெயர் முன்னால் வருவது நல்லது.

தங்கம் விலையும் இதே கதைதான். “அதிரடி மாற்றம்” என்கிறார்கள். ஏறியதா, இறங்கியதா? சவரனுக்கு எவ்வளவு? அதைத் தலைப்பில் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று பயம் போலிருக்கிறது. எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால்தான் ஏன் ஏறியது என்று உள்ளே போய்ப் பார்ப்போம். என் வீட்டில் அப்படித்தான்.

உங்கள் அச்சுப் பதிப்பில் இந்த வம்பு இல்லை. இணையதளத்தில்தான் இருக்கிறது. இந்த மழைக்காலத்தில் விடுமுறைச் செய்திக்காவது மாற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
மயிலாடுதுறை.