இட்லி அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த என் மகள் பாப்பா நேற்று மதியம் வீடு வந்து சேர்ந்தாள். நடந்தது தாராவியில் நம் சனத்துக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இட்லி அக்காவைப் பற்றி மட்டும் எழுதியே ஆக வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு எங்கள் சந்தில் எரிவது அவர் அடுப்பு ஒன்றுதான். பாப்பா வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தார். முந்தின நாள் கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தலை வலிக்குது, லைட்டை அணைங்கப்பா என்று அவள் அழுததை நானோ கணக்குப் பரீட்சைக்குச் சாக்கு என்று நினைத்திருந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

அக்கா பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். “உடம்பு கொதிக்குது, காலு ஏன் தம்பி சில்லுன்னு கெடக்கு?” செல்போன் வெளிச்சத்தில் உள்ளங்காலில் கருஞ்சிவப்பாய் நாலைந்து புள்ளி. கொசுக்கடி என்றேன். மாவு காயாத கட்டைவிரலால் அழுத்தினார். “கொசு கடிச்சிருந்தா அழுத்துனா வெளுக்கும். இது வெளுக்கலையே. கெளம்பு.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு கண்ணாடித் தம்ளரை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். புள்ளி மறையவில்லை. சோதனைக்கு முதுகில் நீர் எடுக்கும்வரைகூடக் காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஏறியது. நம் நிறத்துக்குப் புள்ளி லேசில் தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம் பார்க்க வேண்டும், புள்ளியே இல்லாமலும் இந்த மூளைக்காய்ச்சல் வரும் என்று அப்புறம் சொன்னார். வார்டு வாசலில் அக்கா உட்கார்ந்தே இருந்தார். அன்றைக்கு அவருடைய இரண்டு குண்டான் மாவும் பொங்கிப் புளித்துச் சாக்கடைக்குப் போனது. காசு நீட்டினேன். திட்டு வாங்கினேன்.

இரவு பகலாய்ப் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், நர்ஸ்கள், கண் கூசாமலிருக்கக் கட்டிலில் துப்பட்டா கட்டிவிட்ட வார்டு ஆயா மௌஷி, வீட்டில் எங்கள் எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை வாங்கி வந்த பக்கத்து வீட்டுப் பையன்கள், ஆளுக்கொரு நாள் சோறு கொண்டுவந்த எங்கள் சால் குடியிருப்புக்காரர்கள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இனி எந்தப் பிள்ளை தலைவலி என்றாலும் சாக்கு என்று சொல்ல மாட்டேன்.

இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் காதைக் கெடுத்துவிடுமாம். நாலு வாரத்துக்குள் சோதிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை போகிறோம், அக்காவும் வருகிறார். அன்று காலை இட்லி கிடையாது. வாடிக்கைக்காரர்கள் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.