தட்சிணைத் தட்டில் ஒரு ரசீதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஜயதசமி நெருங்குகிறது. மதுரையில் எல்லீஸ் நகர் முதல் திருநகர் வரை நாட்டிய வகுப்பிலும் மிருதங்க வகுப்பிலும் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேரம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, கவரில் முதல் மாதச் சம்பளம் என்று தட்டு உள்ளே போகும். திரும்பி வரும்போது பிரசாதம் இருக்கும், ரசீது இருக்காது. அந்தச் சீட்டு இல்லாமல்தான் கையில் கிடைக்க வேண்டிய பணம் நழுவுகிறது.

மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம் (சி.சி.ஆர்.டி.) தரும் கலை உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வல்லுநர்கள் முன் பிள்ளை ஆடியோ பாடியோ வாசித்தோ காட்டித் தேர்வானால் ஆண்டுக்கு ரூ.3,600 உண்டு. அதோடு குருவுக்குக் கட்டிய கட்டணமும் ஆண்டுக்கு ரூ.9,000 வரை திரும்பக் கிடைக்கும். புதுப்பித்து வந்தால் அதிகபட்சம் 20 வயது வரை நீடிக்கும். ரூ.9,000 என்றால் மாதம் 750 ரூபாய். சம்பளம் அதற்குள் அடங்கினால் வகுப்பு இலவசம் மாதிரிதான்.

ஆனால் 'கட்டிய' கட்டணம் மட்டுமே திரும்பும். ரசீதில் குருவின் பெயர், முகவரி, மாணவர் பெயர், கலை, மாதம், தொகை, கையெழுத்து எல்லாம் வேண்டும். அப்பா பெயரில் வாங்குவது ஒரு தவறு. பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ரசீதில் வேறு இனிஷியல் என்பது இன்னொன்று. சலங்கை பூஜைச் செலவு, உடை வாடகை, மாதச் சம்பளம் மூன்றையும் ஒரே தொகையாக எழுதிவிட்டால் எதற்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஐயாயிரத்துக்கு மேல் ஒரே ரசீதாக வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். மாதாமாதம் வாங்கினால் அந்த வேலையும் இல்லை.

ஆசிரியர்கள் ரசீதுக்குத் தயங்குவது வரிப் பயத்தால். 20 பிள்ளைகள், தலைக்கு 750 என்றால் ஆண்டுக்கு ரூ.1,80,000. வேறு வருமானம் இல்லாவிட்டால் இது வருமான வரி வரம்புக்கே கீழே. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டாம். வீணான பயம்!

அந்த ரூ.3,600-ஐ வீட்டுச் செலவில் கரைத்துவிடாமல் கருவிக்கென்று ஒதுக்குவது நல்லது. மிருதங்கம் வாங்குகிற அன்றோடு செலவு முடிவதில்லை. வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், இருக்கும் 'சாதம்' எனும் கறுப்புப் பூச்சு வாசிக்க வாசிக்கப் பொரிந்து உதிரும், சுருதி நிற்காது, மூட்டையே, அதாவது அந்தத் தோல் பகுதியையே, மாற்ற வேண்டிவரும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைத்தால் தோல் முறுகி வெடிக்கும். தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் அப்பிய ரவையை வாசித்து முடித்ததும் சுரண்டி, துணியால் துடைக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே மூலையில் சாய்த்தால் ரவை காய்ந்து தோலை இழுக்கும், ராத்திரி எலிக்கும் விருந்து. பிள்ளைக்கு முதல் பாடமே இதுவாக இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

'பத்தாவது முடியட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம். 14 வயதைத் தாண்டியவருக்கு இந்த வழி அடைபடும். அடுத்தது 18 முதல் 25 வயதினருக்கான பண்பாட்டு அமைச்சக உதவித்தொகை: மாதம் ரூ.5,000, இரண்டு ஆண்டுகள். அதற்கு ஐந்தாண்டாவது குருவிடம் பயின்றிருக்க வேண்டும். பழைய ரசீதுக் கட்டு அங்கேயும் பேசும். இரண்டிலுமே அரங்கேற்றத்துக்கு என்று ஒரு பைசா கிடையாது. மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு எல்லாம் வீட்டுக் கணக்குத்தான். அதற்குக் கடன் வாங்கிவிட்டு வகுப்பை நிறுத்துகிறவர்களை என்ன சொல்ல!

தனி வகுப்புக்கே வசதியில்லாதவர்கள் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கான ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரிக்கலாம். பெரிய பிள்ளைகளுக்குப் பசுமலை அரசு இசைக் கல்லூரி இருக்கிறது.

ரசீதை அந்தந்த மாதமே கேட்டு வாங்குங்கள். ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய பன்னிரண்டு ரசீதுகளைப் பார்த்ததும் எந்த அலுவலருக்கும் சந்தேகம் வரும்.

வாசகர்,
திருநகர், மதுரை.