ஒயரை எடுக்கச் சொன்னது யார்?

மதுரை,
2.11.2025

அன்புள்ள ராசு,

நலம். நீ, தங்கச்சி, பேத்தி எல்லாரும் நலம் என்று சேது சொன்னான். என்னிடம் வாங்கிப்போன குடையை அவன் இன்னும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. உன் போன கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாமா என்று பார்த்தேன். முழங்காலாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். விடு.

இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். முதல் வாக்கியத்திலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதியை நான் சொல்ல முடியாமல் போகும். அதனால் தாளில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நம் ரெக்கார்டர் பெட்டியிலிருந்து பாட்டெல்லாம் வந்துவிட்டது. நீ ஒயரைப் பிடுங்கியதால் போனது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பாட்டும்தான்.

தீபாவளிக்குப் பித்தளைச் சாமான் இறக்கப் பரணில் ஏறிய கதிர், "மாமா, இது என்ன, கடையில் பில் போடுகிற மிஷினா?" என்று கேட்டான். என் தங்கை மகன்தான், இப்போது சென்னையில் கணினி வேலை. எட்டு ட்ராக் ரெக்கார்டர், எட்டு ஒலியைத் தனித்தனியாகப் பதியும் பெட்டி, 2003-ல் மூன்று பேர் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து வாங்கியது என்று சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்றான். பெரியம்மா பாடிய ஏழு பாட்டு, அதில் ஒன்று இல்லவே இல்லை என்றேன். அவ்வளவுதான், பித்தளைச் சாமான் பரணிலேயே நின்றுபோயிற்று. தங்கை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் அதைக் காட்டினேன், உனக்குச் சொல்லவில்லை. நாற்பதாயிரம் ஆகும், வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்றார்கள். கிளி ஜோசியக்காரன்கூட இதைவிட உறுதியாகப் பேசுவான். சேது ஒரு யோசனை சொன்னான்: ஹார்ட் டிஸ்க்கைப் பாலிதீன் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் ஓடுமாம். தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தும்விட்டேன். உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் டிஸ்க்கின் தட்டில் இருப்பது எல்லாம் போகும் என்று பிறகு எங்கோ படித்து, பதறிப்போய் எடுத்துப் பரணில் போட்டேன். கதிரிடம் இதைச் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவன் நாலு திருகாணியைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தான். 10 ஜிபி, பின்புறம் நாற்பது ஊசி கொண்ட பழைய இணைப்பு. இப்போதைய கணினி எதிலும் அதற்குப் பொருத்துவாய் கிடையாது. இடையில் ஒரு சின்ன மாற்றிக் கம்பி போட்டு இணைத்ததும், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கணினி கேட்டது. சரி என்று அழுத்தக் கையை நீட்டினேன். அடித்துவிட்டான், ராசு. மாமன் என்றும் பார்க்காமல் கையில் அடித்தான். அடித்தது நியாயம்தான், அழுத்தியிருந்தால் பாட்டெல்லாம் போயிருக்கலாம். அந்தப் பெட்டிக்காரர்கள் தங்களுக்கென்று தனி முறையில் எழுதி வைத்திருப்பதால், கணினிக்கு அது வெற்று டிஸ்க் போலத் தெரியுமாம்.

மூலத்தைத் தொடுவதற்கு முன் முழுதாக ஒரு நகல் எடுக்க வேண்டும் என்பது அவன் கட்சி. டிடி ரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள். நல்ல இடங்களை முதலில் படித்துக்கொள்ளும். பழுதான இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகும். மற்றதெல்லாம் பத்திரமான பிறகுதான் பழுதிடம் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று கூடவே ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் பெட்டிக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் நீயும் நானும் இத்தனை வருடம் முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று ராத்திரி ஓடியது. டிஸ்க் பழைய தையல் மிஷின் போலக் கிட்டுக் கிட்டென்று அடித்துக்கொண்டே இருந்தது, எனக்குத் தூக்கமில்லை.

ஆறு பாட்டு பெட்டியின் அட்டவணைப்படியே வந்துவிட்டன. நடவுப் பாட்டில் குலவை போடும் இடத்தில் ஒலி அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரிந்ததே, நினைவிருக்கிறதா? அங்கே மட்டும் ஒலி கிழிந்திருக்கிறது. அழகர் வர்ணிப்பு முழுதாக 19 நிமிடம். அதில் உன் கைங்கரியமும் இருக்கிறது. தாளம் பிசகக் கூடாது என்று ஹெட்போன் மாட்டி, காதுக்குள் டிக் டிக் என்று ஓடவிட்டாய் அல்லவா? பெரியம்மா அதை மதிக்கவே இல்லை. அழகர் மலையிறங்கும்போது ஒரு நடை, ஆற்றுக்கு வரும்போது வேறு நடை. அந்த டிக் டிக் மட்டும் ஹெட்போனிலிருந்து கசிந்து, 19 நிமிடமும் பின்னால் பல்லி மாதிரி கத்துகிறது. அதை எடுக்க வழியில்லை என்கிறான் கதிர்.

ஏழாவதுதான் விஷயம்.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடமாட்டேன், சாவு விழாத வீட்டில் அதைப் பாடினால் ஆகாது என்று பெரியம்மா பிடிவாதமாக நின்றதும், தோப்புப் பம்புசெட் அறைக்கு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனதும் உனக்குத் தெரியும். அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தங்கைக்காக அக்காள் பாடியது அது. அன்று ஒருமுறைதான் பாடினாள், அதற்குப் பிறகு யார் கேட்டும் பாடவில்லை. அப்படிப்பட்ட பாட்டு போனதால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

ஒலி வர வர டிஸ்க்கில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்குமாம். எந்தப் பாட்டு, எந்த ட்ராக், எங்கே தொடங்குகிறது என்ற விவரம் மட்டும் நிறுத்திச் சேமிக்கும்வரை நினைவகத்தில் நிற்குமாம். நெல் களத்துக்கு வந்துவிட்டது, கணக்குப்பிள்ளை ஏட்டில் எழுதுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. ஏட்டில் இல்லாததால் பெட்டி இல்லவே இல்லை என்று சாதித்தது. நாமும் நம்பினோம்.

ஏட்டை விட்டுவிட்டுக் களத்திலேயே தேடுவோம் என்றான் கதிர். டிஸ்க்கின் நகலை, அது பாட்டா என்னவென்றே பார்க்காமல், ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அப்படியே ஒலியாகத் திறந்தான். முதலில் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. ஒலியின் ஒவ்வொரு அளவும் இரண்டு பைட், அதில் எது முன்னால் எது பின்னால் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டோமாம். மாற்றினான். மழை நின்றது. உள்ளேயிருந்து ஒரு சிறுமி அழுது பாடுகிற குரல் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரியம்மாதான், ஆனால் சுருதி முக்கால் கட்டை ஏறியிருந்தது. வினாடிக்கு 48,000 அளவு என்று வைத்திருந்ததை 44,100 ஆக்கியதும் ஐந்து கட்டைக்கு இறங்கி, அறுபத்திரண்டு வயதுப் பெரியம்மா ஆனாள்.

அதுவும் ஒழுங்காக வரவில்லை. அன்று இரண்டு மைக் வைத்தோம், பெரியம்மா முன் ஒன்று, தோப்புச் சத்தத்துக்கென்று வாசல் பக்கம் ஒன்று. பெட்டி இரண்டையும் மாற்றி மாற்றி, ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுத் துண்டுகளாக எழுதியிருந்தது. ஒரு துண்டு குரல், அடுத்த துண்டு கிளிச் சத்தம், மறுபடி குரல். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். கதிர் ஒரு நிரல் எழுதி அவற்றைப் பிரித்து ஒட்டினான். மூன்று இடத்தில் டிஸ்க் பழுதாகிப் பொத்தல் விழுந்திருக்கிறது. அம்மா பாதியில் விட்டுப் போன தறியைப் பற்றி வருகிற இடத்தில் இரண்டு வரி போய்விட்டது. அந்த வரி என்ன என்று பெரியம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, இனிதான் நான் எழுத வந்தது.

பாட்டு முடிகிறது. பெரியம்மா மூக்கைச் சிந்துகிறாள். வாசல் மைக்கில் பெரியப்பா குரல், தூரத்திலிருந்து, மூணு பேஸ் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும் என்று கத்துகிறார். அடுத்து ஒருவன் பக்கத்திலேயே பேசுகிறான்: "ராசு, ஒயரை எடு."

நீ கேட்கிறாய்: "நிறுத்திவிட்டாயா?"

"எல்லாம் நிறுத்தியாயிற்று, எடு எடு."

அவன் நான்தான், ராசு. அந்த அவசரக் குரல் யாருடையது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது தெரிந்துவிட்டது. நீ கேட்டிருக்கிறாய். நிறுத்தாமலே நிறுத்திவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

22 வருடம் இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொன்னேன்! உன் தங்கை கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியோடு நீ நின்றுகொண்டிருக்கும்போதே, "இவன் ஒயரைப் பிடுங்கியதில்..." என்று ஆரம்பித்தேன். நீதானே எடுக்கச் சொன்னாய் என்று இரண்டு முறை சொன்னாய். அதன் பிறகு சொல்வதையே விட்டுவிட்டாய். செல்லூர் வீட்டுக்கு வருவதையும் மூன்று வருடம் விட்டாய். நான் அதையும் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்போன் என் காதில்தான் இருந்தது, கதிருக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பத்து வினாடியை வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, அந்த இடத்தை மவுஸால் இழுத்துக் குறித்தும்விட்டேன். பிறகு காபி குடிக்க எழுந்து போய்விட்டேன். வெட்டவில்லை. கோப்பில் அப்படியே இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும்தான். எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப்போவதில்லை.

நீ ரொம்ப நல்லவனாகிவிடாதே. ஒயர் எடுபட்ட இடத்துக்குப் பிறகும் டிஸ்க் தொடர்கிறது. அங்கே முன்பு எப்போதோ நீ பாடிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்பதற்குள் அழித்த பாட்டு இருக்கிறது. அழித்தால் ஏட்டில்தான் பெயர் போகுமாம், மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை ஒலி கிடந்த இடத்திலேயே கிடக்குமாம். மேல் ஸ்தாயிக்குப் போய் இறங்க வழி தெரியாமல் நிற்கிறாயே, அந்த இடம் அற்புதம். உன் பேத்திக்குத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பெரியம்மாவிடம் பாட்டெல்லாம் வந்துவிட்டது என்று சொன்னேன். எண்பத்து நாலு வயது, காது கொஞ்சம் மந்தம். "அந்தப் பல்லியை எடுத்துவிட்டாயா?" என்பதுதான் முதல் கேள்வி. எடுக்க முடியாது என்றதும், அப்படியென்றால் வர்ணிப்பை மறுபடி பாடித் தருகிறேன், யாரும் என் காதில் எதையும் மாட்டக் கூடாது என்றாள். ஏழாவது பாட்டும் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அதை வீட்டுக்குள் போடாதே என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே பொங்கலுக்கு வா. பம்புசெட் அறைக்கு இப்போது கூரை இல்லை, கிணறு வறண்டு ஆழ்துளைக் குழாய் போட்டாயிற்று. சுவர் நிற்கிறது, உட்காரலாம். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் பஸ் ஏறவே முடியாது, போகிக்கு முன்தினமே வந்து சேர். சேதுவையும் கூப்பிட்டிருக்கிறேன், பெரியம்மாவுக்கும் நாற்காலி போட்டுவிடலாம். கடைசிப் பத்து வினாடியை எல்லார் முன்னிலையிலும் போடுகிறேன்.

வரும்போது அந்த நீலப் பஞ்சு வைத்த ஹெட்போனை எடுத்து வா. அது என்னுடையது, 2004-ல் நீதான் கொண்டுபோனாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனி நான் எனக்கு நினைவிருப்பதாகச் சொன்னால் நீ எவ்வளவு மதிப்பாய் என்று தெரியவில்லை. இருந்தாலும் எடுத்து வா.

உன்,
சண்முகம்