அரிசிக்கு வளைந்தது, ஒப்பந்தத்துக்கு வளையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் நம் ஆட்சியாளர்களைச் சித்தாந்தங்களே நடத்தி வந்திருக்கின்றன என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பாதிதான் சரி. மற்றப் பாதி எங்கள் திருகோணமலைச் சீனன்குடாக் காட்டுக்குள் துருவேறி நிற்கிறது.

பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்களைச் சொல்கிறேன். 99 மிஞ்சியிருக்கின்றன. "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்று இளைஞருக்கு வகுப்பெடுத்த இடதுசாரிக் கட்சி ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி). குதங்களை இந்தியாவுடன் சேர்ந்து நடத்தலாம் என்றும் சொன்ன 1987 இந்திய-இலங்கை உடன்பாட்டை எதிர்த்து ஆயுதமே தூக்கினார்கள். அவர்கள் தலைமையிலான அரசே 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவோடும் ஐக்கிய அரபு இராச்சியத்தோடும் கையொப்பமிட்டது. குறையாகச் சொல்லவில்லை. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றவன் நான்.

1952ஐக் கட்டுரையாளர் தொடவேயில்லை. கொரியப் போர் நடக்கிறது. சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்று மேற்குலகம் தடை போட்டிருக்கிறது. இங்கே ஆட்சியில் இருந்ததோ கம்யூனிசம் என்றாலே முகம் சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சி. ஆனால் அரிசி இல்லை, இறப்பர் விலையும் விழுந்துவிட்டது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங் போய், ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். பசி வந்தால் பறக்கும் பத்தில் கொள்கையும் ஒன்று போலும்.

2021 மே மாதம் இயற்கை விவசாயம் என்று சொல்லி இரசாயனப் பசளையைத் தடை செய்த கோட்டாபய ராஜபக்ச அரசினர் நவம்பரிலேயே இறங்கி வந்தார்கள். அதற்குள் தம்பலகாமத்தில் என் மைத்துனரின் பெரும்போகப் பயிர் முழங்காலுக்கு வளரவில்லை. நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

ஆக, தலைவர்கள் வளையக்கூடியவர்கள்தான். ஆட்சிமொழி "சிங்களம் மட்டும்" என்று 1956இல் ஆட்சியைப் பிடித்த பண்டாரநாயக்காவே மறு வருடம் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு, தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தரும் ஒப்பந்தம் எழுதினார். அவருக்கு அந்தக் கோஷம் ஒரு தேர்தல் ஏணி. கேட்டவர்களுக்கு அது வேதமாகிவிட்டிருந்தது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் அவருடைய றொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் கைவிடப்பட்டது என்று எழுத்திலேயே தரவேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை